வாசகர் கேள்வி: போர்டோ ஒயின் பண்ணைகளுக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு

வேலூரிலிருந்து பதினொரு பேராகச் சேர்ந்து பிரான்சின் போர்டோ பகுதிக்குச் சென்று, அங்குள்ள பழைமையான ஒயின் பண்ணைகளைப் பார்த்து வந்ததைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோட்டை மைதானத்தில் காலை நடைப்பயிற்சி செய்யும் நாங்கள் எட்டுப் பேர் செப்டம்பர் மாதத்தில் பிரான்ஸ் செல்கிறோம். போர்டோவில் இரண்டு நாட்கள் தங்குகிறோம். பயண ஏற்பாட்டாளர் ஒரு நாளைக்கு ஐந்து வீதம் பத்துப் பண்ணைகளைக் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். இது நல்ல ஏற்பாடுதானா? — ஒரு வாசகி, காட்பாடி

இல்லை அம்மா. ஒரு நாளைக்கு இரண்டு பண்ணைகள் போதும். மூன்று என்பதே மிகுதி. எங்களுக்கும் முதல் நாள் ஐந்து பண்ணைகளைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் மூன்று கோப்பை வீதம் ருசி பார்த்து, நான்காவது பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாக்கு மரத்துப்போயிருந்தது. எதை வாயில் வைத்தாலும் வெறும் புளிப்பும் துவர்ப்புமாகவே தெரிந்தது. ஐந்தாவது பண்ணையின் வீடும் நிலவறையும் அன்று பார்த்தவற்றிலேயே பழைமையானவை. ஆனால் அங்கே வழிகாட்டி சொன்ன ஒரு சொல்கூட எங்களில் எவருக்கும் நினைவில் நிற்கவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

ஒரு பண்ணையை முறையாகப் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். முதலில் கொடிகளுக்கு நடுவே அழைத்துச் செல்வார்கள். பிறகு திராட்சையைப் புளிக்க வைக்கும் தொட்டிகள், அதன் பிறகு பீப்பாய்கள் அடுக்கிய நிலவறை, கடைசியாகத்தான் ருசி பார்க்கும் மேசை. நிலவறைக்குள் நுழையும்போது அவசரப்படாதீர்கள். ஈரக் கல்லின் குளிர்ச்சியும், புது ஓக் மரத்தின் வாசனையும், மரத்தின் நுண்துளைகள் வழியாகக் கசியும் ஒயினின் மணமும் ஒன்றாக வந்து முகத்தில் படும். போர்டோ பீப்பாய் ஒன்றில் 225 லிட்டர் பிடிக்கும். அது சரியாக முந்நூறு பாட்டில்கள். பீப்பாயின் நடுவயிற்றில் மட்டும் திராட்சைச் சாற்றால் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். அந்த இடத்தில்தான் ஒயினை ஊற்றும் வாய் இருக்கிறது. சிந்துகிற கறை தனியாகத் தெரியாமல் இருப்பதற்காக அந்தப் பகுதி முழுவதையும் அதே நிறத்தில் தீட்டிவிடுகிறார்கள்.

இரண்டு நாட்களையும் ஆற்றின் இரு கரைகளுக்கும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இடக்கரையில் உள்ள மெதோக் பகுதியில் மண் முழுக்கக் கூழாங்கல். அங்கே கபர்னே சோவின்யோன் என்னும் கறுப்புத் திராட்சை முதன்மை பெறுகிறது. வலக்கரையில் செயின்ட் எமிலியோன் பகுதியில் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் கலந்திருப்பதால் மெர்லோ என்னும் வகை அங்கே ஓங்கி நிற்கிறது. முதல் நாள் ஒரு கரை, மறுநாள் மற்றொரு கரை என்று போனால், மண் மாறும்போது சுவை எப்படி மாறுகிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். செயின்ட் எமிலியோன் ஊரையும் அதைச் சூழ்ந்த திராட்சை நிலப்பரப்பையும் யுனெஸ்கோ 1999 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் அமைத்த தேவாலயம் ஒன்று அங்கே இருக்கிறது. நம் சீயமங்கலத்திலும் மாமண்டூரிலும் குடைவரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதன் முன்னால் வெகுநேரம் நிற்பார்கள், நாங்கள் நின்றோம். நேரம் மிஞ்சினால், நகரின் புறத்தே பெசாக்கில் உள்ள பாப் கிளமோன் பண்ணைக்குப் போகலாம். 1305 இல் ஐந்தாம் கிளமென்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானவர் ஒரு காலத்தில் அதற்கு உரிமையாளராக இருந்தார். இன்று அதைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்ட போதிலும், நடுவில் கொடிகள் இருக்கின்றன.

செப்டம்பர் அறுவடைக் காலம் என்பதால் சில பண்ணைகள் பார்வையாளர்களைக் குறைத்துக்கொள்ளும், சில அறவே நிறுத்திவிடும். ஆகையால் இப்போதே எழுதி நேரம் வாங்கிவிடுங்கள். முன்பதிவு இல்லாமல் போய் வாசலில் நிற்பது அங்கே வழக்கமில்லை. பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை சாப்பாட்டு நேரம். அதில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். அங்கே ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால்தான் வாகனம் ஓட்டுபவருக்கு எல்லை. நம் நாட்டுச் சட்டத்தின் எல்லை 0.3 கிராம் என்பதால் அதைப் பெரிய சலுகையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பண்ணைகளில் விழுங்கிவிட்டால் அதைத் தாண்டிவிடும்.

வாய்க்குள் வைத்த ஒயினை அங்கே எல்லோரும் துப்பிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். விருந்தோம்புபவர் கொடுத்ததை அவர் கண் முன்னே துப்புவது மரியாதைக் குறைவாகாதா? — ஒரு வாசகர், குடியாத்தம்

ஆகாது. மேசை மேல் அதற்கென்றே படிக்கம் வைத்திருப்பார்கள். பண்ணையில் வேலை செய்பவர்களே ஒரு நாளில் பல பீப்பாய்களிலிருந்து ருசி பார்க்க வேண்டியவர்கள். துப்பாமல் அவர்களால் அந்த வேலையைச் செய்ய முடியாது. வெற்றிலை போட்ட பாட்டிமார் கூடத்தில் வெண்கலப் படிக்கத்தை மடியருகே வைத்துக்கொண்டு எவ்வளவு நாசூக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் கூச்சம் தேவையில்லை. கோப்பையில் மிச்சமிருப்பதையும் அதிலேயே ஊற்றிவிடலாம்.

கூச்சப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. ருசி பார்க்கும் அறைக்குள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் குளிருக்காக நெற்றியில் தலைவலித் தைலம் தடவியிருந்தார். மேசையைச் சுற்றி இருந்த அனைவருக்கும், வேறு நாட்டிலிருந்து வந்து எங்களோடு நின்றிருந்த ஒரு தம்பதிக்கும்கூட, அந்த அரை மணி நேரம் கோப்பையில் எதை முகர்ந்தாலும் தைலமாகவே இருந்தது. கூட வருகிறவர்களின் மூக்கையும் கெடுக்காமல் இருப்பதுதான் குழுவாகப் போவதில் முதல் ஒழுங்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழிகாட்டி ஒவ்வொரு கோப்பையையும் முகர்ந்து, காசிஸ் என்னும் கறுநிறச் சிறுபழம், தேவதாரு, புகையிலை என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் முதலில் சொன்ன ‘காசிஸ்’ என்ற பழத்தை எங்களில் ஒருவரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆயினும் எல்லோரும் தலையாட்டினோம். அப்போது குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும் கோப்பையை மறுபடி முகர்ந்து, ஒரு மிடறு வாயில் வைத்து நிறுத்தி, “இது நாவற்பழம். பழுத்து மரத்தடியில் உதிர்ந்த நாவற்பழம்” என்றார். உடனே பதினொரு பேருக்கும் அது தெரிந்துவிட்டது. அந்த நிறம், நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு, இனிப்புக்குப் பின்னால் வருகிற மண்வாசனை எல்லாமே நாவற்பழம்தான். வழிகாட்டிப் பெண் அந்தச் சொல்லைக் கேட்டு, எழுத்துக் கூட்டி, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆகவே புத்தகத்தில் உள்ள சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். உங்கள் சமையலறையிலும் தோட்டத்திலும் இருக்கிற வாசனைகளையே கொண்டு போங்கள். சோவின்யோன் பிளான் என்னும் வெள்ளை ஒயினில் எனக்குக் கொய்யாவும் தக்காளி இலையும் தெரிந்தன. சோதெர்ன் என்னும் இனிப்பு ஒயினில் தேனில் ஊறிய பலாச்சுளை தெரிந்தது.

தோல் வியாபாரத்தில் இருக்கிறேன். எங்கள் மார்க்கத்தில் மதுவுக்கு இடமில்லை. ஆனால் என்னோடு வரும் கூட்டாளிகள் போர்டோவையும் பயணத்தில் சேர்த்துவிட்டார்கள். நான் விடுதியிலேயே இருந்துவிடட்டுமா? — ஒரு வாசகர், வாணியம்பாடி

இருக்க வேண்டாம் பாய். நிலமும் கட்டடமும் மரவேலையும் கணக்கு வழக்கும் பார்ப்பதற்கு ஒரு சொட்டும் அருந்தத் தேவையில்லை. முன்பதிவு செய்யும்போதே உங்கள் குழுவில் மது அருந்தாதவர் ஒருவர் வருகிறார் என்று எழுதச் சொல்லுங்கள்; பல இடங்களில் திராட்சைச் சாறு கொடுப்பார்கள். ருசி பார்க்கும் அறைக்கே வர விருப்பமில்லையென்றால், அந்த நேரத்தில் வெளியே கொடிகளுக்கு நடுவே நடக்கலாம். எங்கள் குழுவிலும் அப்படி இருவர் இருந்தார்கள்; அவர்களிடம் எவரும் காரணம் கேட்கவில்லை. கூட்டாளிகள் அறைக்குள் வரும்படி கேட்டு நீங்களும் போவதானால், அத்தரை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள்.

நாற்பது ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிலில் இருந்தவன் நான். ஒயினைப் பற்றிய கட்டுரைகளில் ‘டானின்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. நாங்கள் தொழிலில் சொல்கிற டானினும் அதுவும் ஒன்றா? — ஒரு வாசகர், இராணிப்பேட்டை

ஐயா, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி உங்களைவிட வேறு யாருக்கும் இல்லை.

நம் பக்கத்தில் குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில்தான் தோலைப் போட்டு வைத்தார்கள். பட்டையிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து, தோலில் உள்ள புரதத்தோடு பிணைந்துகொண்டு, அழுகிப் போகிற பச்சைத் தோலை அழுகாத பதனிட்ட தோலாக மாற்றுகிறது. அந்தத் துவர்ப்புச் சத்துதான் டானின். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் காம்பிலும் அதே வகைச் சத்து இருக்கிறது. புதிய ஓக் பீப்பாயின் மரத்திலிருந்தும் கொஞ்சம் இறங்குகிறது. சிவப்பு ஒயினைச் செய்யும்போது சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே பல நாட்கள் ஊறவிடுவதால் அதில் டானின் நிறைய இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை உடனே நீக்கிவிடுவதால் அதில் குறைவு.

வாயில் நடப்பதும் ஊறல் தொட்டியில் நடப்பதும் ஒரே செயல்தான். நம் உமிழ்நீரில் வழவழப்பைத் தருகிற புரதங்கள் இருக்கின்றன. ஒயினில் உள்ள டானின் போய் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ள, வழவழப்பு போய்விடுகிறது. ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்ததுபோல் வறண்டுவிடுகின்றன. கடுக்காயை வாயிலிட்டால் வருகிற அதே உணர்வு. மெதோக்கில் இளம் ஒயினை முதல் முறையாக வாயில் வைத்தபோது எங்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் பாட்டிலில் கிடந்தால் டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் படிந்துவிடும், துவர்ப்பு மென்மையாகிவிடும். பழைய பாட்டிலைக் குலுக்காமல் நிதானமாக ஊற்றுவது அந்த வண்டலைக் கலக்காமல் இருப்பதற்காகத்தான். நீங்கள் அங்கே போனால், கோப்பையில் இருப்பது பழத்தோலின் துவர்ப்பா, மரத்தின் துவர்ப்பா என்பதை எங்களுக்கு முன்பே சொல்லிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

நாங்கள் சுத்த சைவம். ஒயினில் முட்டை சேர்ப்பதாக ஒருவர் சொன்னார். உண்மையா? — ஒரு வாசகி, ஆரணி

உண்மை. மேலே சொன்ன பதிலோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். பீப்பாயில் ஒயின் மிகவும் துவர்ப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால், போர்டோவில் தொன்றுதொட்டு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து அதில் விடுவது வழக்கம். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டைகள். அதன் புரதம் அதிகப்படியான டானினைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றிக்கொள்வார்கள். கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைப்பதுபோல. முட்டை முழுவதும் வண்டலோடு போய்விடுகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். ஆனால் உங்கள் மனத்துக்கு அது போதுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், எனக்கு அதில் கருத்துச் சொல்லும் உரிமையில்லை. சிலர் மீனின் பகுதியிலிருந்து எடுக்கும் பசையையும் பயன்படுத்துகிறார்கள். பென்டோனைட் என்னும் களிமண்ணாலும் பட்டாணிப் புரதத்தாலும் தெளியவைப்பவர்களும், எதுவும் சேர்க்காமல் காத்திருந்து தெளியவிடுபவர்களும் இப்போது பலர். முன்பதிவுக் கடிதத்தில் ‘வீகன்’, அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராத, ஒயின் உண்டா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்வார்கள்.

போர்டோ நகரில் கன்னலே என்று ஒரு சிறிய பலகாரத்தை எங்கும் விற்பார்கள். வெளியே கருகிய வெல்லப்பாகு நிறம், உள்ளே மென்மை. ஒயினுக்கு வெள்ளைக்கருவை எடுத்த பிறகு மிஞ்சிய மஞ்சள்கருவிலிருந்து அது பிறந்தது என்று அவ்வூரார் கதை சொல்வார்கள். அதில் மஞ்சள்கருவும் ரம்மும் உண்டு என்பதால் உங்களை முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

1855 ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள பண்ணைகளுக்கு மட்டும் போனால் போதுமா? எத்தனை பாட்டில்கள் கொண்டு வரலாம்? — ஒரு வாசகர், ஆற்காடு

அந்தப் பட்டியல், பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டதன் பேரில், போர்டோ தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்துப் பண்ணைகளைத் தரம் பிரித்து எழுதியது. இன்று அதில் 61 சிவப்பு ஒயின் பண்ணைகள் இருக்கின்றன. ஓப்ரியோனைத் தவிர மற்றவை அனைத்தும் மெதோக்கைச் சேர்ந்தவை. பின்னாளில் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது மூத்தோன் ரோட்சில்ட் மட்டுமே, அது 1973 இல். வலக்கரைப் பண்ணை ஒன்றுகூட அதில் கிடையாது. ஆகவே பட்டியலிலிருந்து ஒரு பண்ணையைப் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாத ஒரு குடும்பப் பண்ணைக்கு மறுநாள் போங்கள். எங்களுக்குக் கொடியை வெட்டும் கையாலேயே ஒயினை ஊற்றிக் கொடுத்தது இரண்டாவது வகைப் பண்ணையில்தான்.

சுங்க வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர் வரை கொண்டு வரலாம். 750 மில்லி பாட்டில்கள் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது பாட்டில் எல்லையைத் தாண்டிவிடும். கைப்பையில் வைக்க முடியாது. துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள்.

அணைக்கட்டுப் பக்கம் முள்ளுக்கத்தரியும் நிலக்கடலையும் பயிரிடுகிறேன். மகள் பிரான்சில் படிக்கிறாள். வந்து பார்க்கச் சொல்கிறாள். ஒயினில் எனக்கு நாட்டமில்லை. விவசாயிக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? — ஒரு வாசகர், அணைக்கட்டு

உங்களுக்குத்தான் ஐயா எல்லாம் இருக்கிறது. நோய்க்கு நீங்கள் தெளிக்கிற போர்டோ கலவை அந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 1880களில் அடிச்சாம்பல் நோய் போர்டோ கொடிகளை அழித்துக்கொண்டிருந்தபோது, மெதோக்கில் சாலையோரத்துக் கொடிகள் மட்டும் இலையுதிராமல் நிற்பதைப் போர்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலநிறத்தில் கசப்பாகத் தெளித்துவைத்திருந்தார்கள். திருட்டுக்குப் பயந்து தெளித்தது நோயைத் தடுத்துவிட்டது. அவர் அதை ஆய்ந்து 1885 இல் வெளியிட்டார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்று நாம் கலந்து, இரும்புக் கத்தியை முக்கிச் செம்பு படிகிறதா என்று பார்க்கிறோமே, அந்தக் கலவையின் பிறப்பிடம் அந்தச் சாலையோரம்தான்.

ஒட்டுக்கட்டுதலையும் பாருங்கள். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்சிரா என்ற சிறு பூச்சி வேரின் சாற்றை உறிஞ்சிப் பிரான்சின் கொடிகளைப் பெருமளவில் கொன்றது. மருந்து எதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. அந்தப் பூச்சியைத் தாங்கி வளரும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். இன்றும் ஏறக்குறைய எல்லாக் கொடிகளும் அப்படித்தான் நிற்கின்றன. நாம் மாங்கன்றில் செய்வதையே அவர்கள் ஒரு நாட்டின் பயிர் முழுவதற்கும் செய்தார்கள். தரைக்குச் சற்று மேலே தண்டில் முடிச்சுப்போல் தடித்திருக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

மெதோக்கில் நல்ல பண்ணைகளில் ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி வரை நடுகிறார்கள், ஏக்கருக்கு நாலாயிரம். நெருக்கி நட்டு, கூழாங்கல் மண்ணில், பெரும்பாலும் நீர் பாய்ச்சாமல், கவாத்து செய்து குறைவாகக் காய்க்கவைக்கிறார்கள். அப்படி வளர்ந்த கொடி ஒன்றிலிருந்து ஒரு பாட்டில்கூடத் தேறாமல் போகலாம். அதிக விளைச்சலே வெற்றி என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் இன்ன எல்லைக்குள் விளைந்தால்தான் இன்ன பெயர் என்று அவர்கள் 1935 இல் சட்டமாக்கிய முறைக்கு உறவான ஏற்பாட்டில்தான் உங்கள் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கும் 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே விதையை வேறு மண்ணில் போட்டால் அந்த ருசி வருவதில்லை என்று நீங்கள் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் போவது நல்லது. அப்போது நோய்க்கு மருந்து தெளிக்கும் காலம். இலைகளின் மேல் நீலத் திட்டு தெரிந்தால், அங்கே வேலை செய்பவரிடம் என்ன விகிதத்தில் கலக்கிறார்கள் என்று மகளைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் விகிதத்தையும் அவருக்குச் சொல்லுங்கள்.